தொண்ணூறு நாளுக்குப் பிறகு வருகிறவர்கள்

நியூயார்க்கில் எஃப் ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனால் ஜமைக்கா வரும். கரீபியத் தீவு நாடு அல்ல, குவீன்ஸ் பகுதியில் அதே பெயர் கொண்ட ஊர். ஹில்சைட் அவென்யூ நெடுக வங்காளதேசத்துக்காரர்களின் மளிகைக் கடைகள். தெற்கே நடந்தால் கறுப்பின மக்களின் பழைய தேவாலயங்கள். பக்கத்து ரிச்மண்ட் ஹில்லில் கயானாவிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வந்தவர்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஸ்பானிஷ் காதில் விழும். இங்கே ஒரு சமூக மையத்தில், பகலில் முதியவர்களுக்குச் சாப்பாடு போடும் கூடத்தில், மாலை ஆறரை மணிக்கு மேசைகளைத் துடைத்து வரிசை மாற்றிப் போட்டால் பள்ளிக்கூடம் தயார். பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களுக்கு அங்கே நெடுங்காலமாகக் கணக்கும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

படிப்பை இரண்டு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் தடுமாறுகிறவர்களுக்கு அடிப்படைக் கல்வி. அதைத் தாண்டியவர்களுக்குப் பள்ளி இறுதிச் சமநிலைத் தேர்வுக்கான பயிற்சி. அந்தத் தேர்வில் தேறினால் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததற்குச் சமமான சான்றிதழை மாநில அரசே தருகிறது. நம் ஊரில் எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதுகிறார்களே, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். சான்றிதழ் இல்லாவிட்டால் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் குப்பை வண்டி வேலை கூடக் கிடைக்காது. நோயாளிகளை வருடக்கணக்காகக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தூங்க வைத்த பெண், நர்ஸ் வேலையின் முதல் படியான எல்.பி.என். உரிமம் வாங்க நினைத்தால் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். லாங் ஐலண்ட் சிட்டியில் இருக்கும் லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் சேரவும் இதுதான் வழி.

புதிதாக வருகிறவருக்கு முதல் வேலை ‘டேப்’ என்ற தேர்வு. யார் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று அது சொல்லும். நான் சேர்ந்த காலத்தில் அதன் முடிவைப் பள்ளி வகுப்புக் கணக்கில் தருவார்கள். 4.6 என்று வந்தால் நான்காம் வகுப்பு ஆறாம் மாதத்துப் பிள்ளையின் நிலை என்று பொருள். அந்த எண்ணை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து, வாடகை கட்டி, ஊரில் அம்மாவுக்கு வீடும் கட்டிக்கொடுத்த ஒருத்தியைப் பார்த்து ‘நீ மூன்றாம் வகுப்பு’ என்று சொல்லும் உரிமை எந்தத் தாளுக்கும் கிடையாது. விடைத்தாளை விரித்து வைத்து, அவர் சரியாகப் போட்டவற்றை மட்டும் முதலில் காட்டுவேன். ‘இதை எங்கே கத்துக்கிட்டீங்க?’ என்று கேட்பேன். கடையில், தையல் வேலையில், சமையற்கட்டில் என்று பதில் வரும். பாடம் அங்கிருந்து தொடங்கும்.

நான் புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தையே புரட்டிப் போட்டபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பின்னால் நாடெங்கும் எழுதினார்கள். ஊர் மந்தையில், தெருவிளக்கு வெளிச்சத்தில், களை பறித்துவிட்டு வந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. நடவும் அறுப்பும் வந்தால் வகுப்பு காலி. வேலை ஓய்ந்ததும் சிலேட்டோடு வந்து உட்காருவார்கள், விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அவர்கள் படிப்பை விட்டுவிட்டார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அறுப்புக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு திருமணம், கணவரின் வேலைக்காக அமெரிக்கா. எனக்குக் கிடைத்தது எச்-4 விசா. 2015-க்கு முன் அந்த விசாவில் வந்த மனைவிமார் சம்பளத்துக்கு வேலை செய்ய வழியில்லை. கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருந்தபோது, அங்கே பழக்கமான அக்கா ஒருவர், ‘சும்மா ஏன் வீட்ல இருக்கே? எங்க சென்டர்ல கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமத் தவிக்கிறாங்க’ என்றார். தொண்டராகப் போனேன். விசா மாறியபின் பகுதிநேர ஆசிரியரானேன். இந்தத் துறையில் பெரும்பாலோர் பகுதிநேரம்தான்.

தேர்வின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளியை விட்டுப் போருக்குப் போன சிப்பாய்கள் திரும்பி வந்து கல்லூரியிலோ வேலையிலோ சேர ஒரு வழி வேண்டும் என்று 1942-இல் உருவாக்கியது ஜி.இ.டி. தேர்வு. போருக்குப் போகாத பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிட்ட முதல் மாநிலம் நியூயார்க், 1947-இல். சிப்பாயை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ‘நீ ஏன் பள்ளியை விட்டாய்?’ என்று அந்த இளைஞர்களை யாரும் கேட்கவில்லை. நாட்டுக்காகப் போனார்கள், நாடு அவர்களுக்குத் திரும்பி வர வாசல் வைத்தது. என் வகுப்புக்கு வருகிறவர்களும் குடும்பத்துக்காகப் போனவர்கள்தான். தம்பி தங்கைகளுக்காக, நோயில் விழுந்த அப்பாவுக்காக, பதினாறு வயதில் பிறந்த குழந்தைக்காக.

பழைய தேர்வில் எழுத்து, வாசிப்பு, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து தாள்கள், பென்சிலால் எழுதுவது. 2014-இல் ஜி.இ.டி. முழுக்கக் கணினிக்கு மாறி நான்கு தாளானது. அதே ஆண்டு நியூயார்க் அதை விட்டு ‘டாஸ்க்’ என்ற வேறு தேர்வை எடுத்துக்கொண்டது. 2022-இல் மறுபடி ஜி.இ.டி.க்கே திரும்பியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்களுக்குப் புதுப் பாடநூல், புது மாதிரித் தாள். மாணவர்களுக்கோ புதுப் பயம். ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் இந்தத் தேர்வுக்குக் கட்டணம் கிடையாது. வேறு பல மாநிலங்களில் தாளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். வாரக் கூலிக்காரருக்கு அது சின்ன விஷயமல்ல.

எக்வடோர் நாட்டிலிருந்து வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஷீட்ராக் வேலை செய்கிறவர். அமெரிக்க வீடுகளில் செங்கல் சுவருக்குப் பதில் மரச் சட்டங்களின் மேல் அறைகிற ஜிப்சம் பலகைதான் ஷீட்ராக். நாற்பது வயது இருக்கும். ஊரில் ஆறாம் வகுப்போடு நின்றவர். விரல் இடுக்குகளில் வெள்ளைப் பொடி எத்தனை கழுவினாலும் போகாது. பின்னக் கணக்கு என்றதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்காருவார்.

ஒருநாள் எட்டில் மூன்றையும் அரையையும் கூட்டச் சொன்னேன். மேலுள்ளதை மேலோடும் கீழுள்ளதைக் கீழோடும் கூட்டிப் பத்தில் நான்கு என்று எழுதினார். உலகத்தில் பாதிப் பேர் முதலில் அப்படித்தான் எழுதுவார்கள். நான் அதை அடிக்கவில்லை. ‘உங்க அளவு நாடா இருக்கா?’ என்று கேட்டேன். இடுப்பில்தான் இருந்தது. வேலை முடிந்து நேரே வருகிறவர், அது இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. அமெரிக்க நாடாவில் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்திருப்பார்கள். ‘எட்டில் மூணு அங்குல இடைவெளி. அதோட அரை அங்குலப் பலகை. மொத்தம் எவ்வளவு தடிமன்?’ நாடாவைப் பார்க்கக்கூட இல்லை.

‘எட்டில் ஏழு, மிஸ்.’

‘தாளில் எழுதினது?’

தாளைப் பார்த்தார். பத்தில் நான்கு என்பது அரையை விடக் குறைவு. அரை அங்குலப் பலகையோடு இன்னொன்றைச் சேர்த்தால் அரையை விடக் குறையுமா? அவரே சிரித்துவிட்டார். கூடமே சிரித்தது. பிறகு நான் பாடம் நடத்தவில்லை, அவர்தான் நடத்தினார். அரை அங்குலப் பலகை எங்கே போடுவது, எட்டில் ஐந்து அங்குலப் பலகை ஏன் கனம், தீ பரவாமல் தடுக்க வேண்டிய சுவருக்கு ஏன் அது, சட்டங்களுக்கு நடுவே ஏன் பதினாறு அங்குலம். அரையை எட்டில் நான்காக மாற்றிக்கொள்ளாமல் யாரும் பலகை வெட்ட முடியாது என்பதை அன்றைக்கு எல்லோரும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். பொதுப் பகுதி எண் என்ற சொல்லைக் கடைசியில்தான் பலகையில் எழுதினேன்.

பிதாகரஸ் தேற்றமும் அப்படித்தான். ஒரு பக்கம் மூன்று அடி, மறு பக்கம் நான்கு அடி குறித்து, குறுக்கே ஐந்து அடி வந்தால் மூலை சரி என்பது அவருக்கு மனப்பாடம். எங்கள் ஊர்க் கொத்தனார்களும் மூலைமட்டத்தை இதே மூன்று நான்கு ஐந்தில்தான் சரிபார்ப்பார்கள் என்று சொன்னேன். ‘அப்போ இந்தியாவிலயும் இதே கணக்கா, மிஸ்?’ என்று அவர் கேட்டதில் இருந்த மகிழ்ச்சியை எழுத எனக்குத் தெரியவில்லை. தேர்வில் வரும் ஏணிக் கணக்குகளை அதற்குப் பிறகு அவர் விட்டதே இல்லை.

கணக்கு இப்படி இறங்கி வந்துவிடும். கட்டுரை வராது. மொழித் தாளில் 45 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு பத்திகளைத் தருவார்கள். யாருடைய வாதத்துக்குச் சான்று வலுவாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். உங்கள் கருத்து என்ன என்பது கேள்வி இல்லை. கயானாவிலிருந்து வந்து வீட்டுப் பராமரிப்பு வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு இது தாங்கவே முடியவில்லை. ஐந்து தலைமுறைக்கு முன் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழியில் வந்தவர். தமிழ் போய்விட்டது, மாரியம்மன் பூஜை மட்டும் குடும்பத்தில் நின்றிருக்கிறது. குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது பற்றிய இரண்டு பத்திகளை அன்றைக்குக் கொடுத்திருந்தேன். படித்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

‘அந்தக் கூலியில வாழறவ நான். என்னைக் கேட்கவே மாட்டாங்களா, மிஸ்?’

தேர்வின் விதியை விளக்கினேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். முதலில் பத்து நிமிடம் அவரவர் கருத்தை அவரவர் எழுதலாம், திருத்த மாட்டேன், மதிப்பெண்ணும் கிடையாது. அதை மடித்து வைத்துவிட்டுத்தான் தேர்வுக் கட்டுரை. அந்தப் பத்து நிமிடத்தில் வந்த எழுத்துகள்தான் எங்கள் மையத்தின் உண்மையான எழுத்துகள் என்று நினைக்கிறேன். தன் வாழ்க்கையைப் பற்றித் தனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதை வாக்கியமாக நிறுத்த முடியும் என்று கண்டுகொண்டவர், இன்னொருவரின் வாதத்தை எடைபோடவும் தயங்குவதில்லை. வருடக்கணக்காகப் பார்த்துச் சொல்கிறேன்.

இப்போது என் மனதை அழுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் முதியோர் கல்விக்கு நடுவண் அரசுப் பணம் வருவது 1964-இல் தொடங்கியது, வறுமைக்கு எதிரான போர் என்று அதிபர் ஜான்சன் அறிவித்த நாட்களில். இன்றைக்கு அந்தப் பணம் 2014-ஆம் ஆண்டின் வியோவா சட்டத்தின் வழியே வருகிறது. பணத்தோடு கணக்கும் வரும். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் வந்தார், நாற்பது மணி நேரத்துக்கு மேல் படித்தபின் எழுதிய மறு தேர்வில் ஒரு படி ஏறினாரா, தேறினாரா, வேலை கிடைத்ததா. பொதுப்பணம் வாங்குகிறவர்கள் கணக்குக் காட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து 90 நாள் வராத மாணவர் ‘வெளியேறியவர்’.

யார் அந்த வெளியேறியவர்? இரவு ஷிஃப்டுக்கு மாற்றப்பட்டவர். குழந்தை பெற்றவர். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதும் பிராங்க்ஸுக்குக் குடிமாறி, இரண்டு ரயில் மாறி வர முடியாதவர். ஊரில் அப்பா இறந்து, போனால் திரும்ப உள்ளே வர முடியுமா என்று தெரியாமல் அறையைச் சாத்திக்கொண்டவர். இவர்களில் யாரும் என்னிடம் ‘இனி படிக்க மாட்டேன்’ என்று சொன்னதில்லை. ‘கொஞ்ச நாள் வர முடியாது, மிஸ்’ என்றுதான் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். பாதிப் பேர் அதுவும் அனுப்ப மாட்டார்கள், வெட்கம். பள்ளியில் ஒருமுறை தோற்றவர்கள் என்று தங்களைப் பற்றி அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் முறையும் நின்றுவிட்டோமே என்ற கூச்சம் படியேற விடாது. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கேட்க வேண்டியது ‘உங்கள் பெயரை எடுத்துவிட்டோம்’ என்ற சொல் அல்ல.

ஜி.இ.டி. சான்றிதழால் பெரிய பயன் இல்லை என்று சொல்கிற ஆய்வுகள் உண்டு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் அதில் முக்கியமானவர். பள்ளியை முடித்தவர்களோடு ஒப்பிட்டால் தேர்வெழுதித் தேறியவர்கள் அதே அளவு சம்பாதிப்பதில்லை, தேர்வு அறிவை அளக்கிறதே ஒழிய விடாமுயற்சி போன்ற குணங்களை அளப்பதில்லை என்பது அவர் வாதம். சராசரிகளைப் பற்றி அவர் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து மணி நேரம் பலகை தூக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரம் ரயிலில் நின்று, ஆறரைக்கு வந்து உட்காருகிறவரிடம் விடாமுயற்சிக்குக் குறைவில்லை. அவர் வாழ்க்கையில் குறைவாக இருப்பது நேரமும் அமைதியும்தான்.

தென் கரோலினாவிலிருந்து வந்த ஒரு பாட்டி எங்கள் வகுப்பில் இருந்தார். எழுபதை நெருங்கியவர். வகுப்பு முழுக்க அவரை ‘கிராண்ட்மா’ என்றுதான் கூப்பிடும். கடலோரத் தீவு ஒன்றில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே பீன்ஸ் பறிக்கப் போய், பதினேழு வயதில் நியூயார்க் வந்து, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். சமூக அறிவியலில் அரசியல் சட்டத் திருத்தங்கள் வரும். அடிமை முறையை ஒழித்தது பதின்மூன்றாவது. இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையைப் பறிக்கக் கூடாது என்றது 1870-இல் வந்த பதினைந்தாவது. அதை நான் சொல்லி முடித்ததும் பாட்டி பேசத் தொடங்கினார். அன்றைக்கு வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் எழவில்லை.

சட்டம் 1870-இல் வந்தாலும் அவருடைய அம்மாவுக்கு ஓட்டு இல்லை. தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வயலுக்கு அனுப்பிவிட்டு, வாசித்துக் காட்டு என்று கேட்ட ஏற்பாடு. ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் சார்லஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்வார். போகிற வழியிலேயே அந்தச் சட்டப் பகுதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அது போதாமல், 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு தொடங்கினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்கான அமைப்பில் சேர்ந்ததற்காக வேலை பறிக்கப்பட்ட ஆசிரியை செப்டிமா கிளார்க்கும், டென்னசியின் ஹைலேண்டர் மக்கள் பள்ளியும் துணை நின்றார்கள். ஆசிரியராக அமர்த்தியது பட்டம் பெற்றவரை அல்ல, பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகையலங்காரத் தொழில் செய்த பெண்ணை. அதற்கு முன் ஒரு பள்ளியில் நடந்த வகுப்புக்குப் போன பெரியவர்கள், குழந்தைகளுக்கான சிறிய பெஞ்சுகளில் மடங்கி உட்கார முடியாமல், வெட்கப்பட்டு நின்றுவிட்டார்களாம்.

பின்னறையில் முதல் பாடத்தை ராபின்சன் முடிவு செய்யவில்லை. வந்தவர்களைக் கேட்டார். பெயரெழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவத்தை நிரப்பத் தெரிய வேண்டும் என்றார்கள். அவையே பாடங்கள். வயல் வேலை இல்லாத குளிர்கால மாதங்களில், வாரத்தில் இரண்டு இரவு. விதைப்பு வந்தால் வகுப்பு இல்லை. அடுத்த ஆண்டுகளில் பக்கத்துத் தீவுகளுக்கும், பிறகு தென் மாநிலங்கள் எங்கும் குடியுரிமைப் பள்ளிகள் என்ற பெயரில் அந்த வகுப்புகள் பரவின. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்து வாசிப்புத் தேர்வை நிறுத்தும்வரை ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வகுப்புகளில் படித்துத்தான் பதிவு செய்தார்கள்.

பாட்டியின் அம்மா அப்படியொரு வகுப்புக்கு இரண்டு குளிர்காலம் போனவர். விளக்கருகில் அம்மா தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்ததைச் சிறுமியாக உட்கார்ந்து கவனித்ததைப் பாட்டி சொன்னார். பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பிய நாளில் அம்மா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக் கழற்றாமலேயே சமைத்தாராம்.

எனக்கு அப்போது புதுக்கோட்டை மந்தை கண்முன் வந்து நின்றது. ஜான்ஸ் தீவுக்காரர்களை நாங்கள் கேள்விப்பட்டதில்லை, அவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஆனாலும் இரண்டு இடத்திலும் வகுப்பு உழைப்பவர்களின் பருவத்துக்கு வளைந்து கொடுத்தது. இங்கே ஜமைக்காவில் உழைப்பவர்களுக்குப் பருவமே கிடையாது. அறுப்பு எப்போது வரும், எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் வாசல் இன்னும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும் என்கிறேன்.

பாட்டி 2016-இல் தேறினார். ‘உங்களுக்கு இனி என்ன வேலைக்கு இது?’ என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். ‘எங்கம்மா எங்க நிறுத்தினாளோ அங்கேர்ந்து நான் படிக்கிறேன், கண்ணா’ என்றார். பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார், அடிப்படை வகுப்பில் எனக்கு உதவியாக. வராமல் நின்றவர்களுக்குத் தொலைபேசியில் பேசுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ‘ஏன் வரலை’ என்று கேட்க மாட்டார். ‘உன் நாற்காலி அப்படியே இருக்கு, இந்த வாரம் சதவீதம் நடக்குது’ என்பார். என்னைவிட அதிகம் பேரைத் திரும்பக் கூட்டி வந்தவர் அவர்.

2020 மார்ச்சில் கொரோனாவால் மையம் மூடியது. எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை அந்த வசந்தத்தில் உலகச் செய்தியானது. எங்களுக்கு அது பக்கத்து வட்டாரம். என் மாணவர்களில் வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர் ஒருவரும் இல்லை. மளிகை கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், முதியவர்களைப் பராமரித்தவர்கள், கிருமிநாசினி தெளித்தவர்கள். மடிக்கணினி இல்லாத வீடுகள், எல்லோரிடமும் கைபேசி. வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவாக ஐந்து நிமிடப் பாடம் அனுப்பத் தொடங்கினேன். கயானா அம்மா நோயாளி தூங்கியபின் நள்ளிரவில் கணக்குப் போட்டு, தாளைப் படமெடுத்து அனுப்புவார். காலையில் திருத்தி நான் அனுப்புவேன். அந்தக் குழுவில் இருந்த இரண்டு பேரின் எண்களிலிருந்து ஒருநாளோடு பதில் வருவது நின்றுவிட்டது. அவர்களை நான் இங்கே பெயர் சொல்லாமல் நினைத்துக்கொள்கிறேன்.

ஷீட்ராக் வேலை செய்தவரும் அந்த ஆண்டில் காணாமல் போனார். விதிப்படி அவர் வெளியேறியவர். 2022 இலையுதிர் காலத்தில், வகுப்பு தொடங்கிய வாரத்தில், கூடத்து வாசலில் வந்து நின்றார். நியூ ஜெர்சியில் வேலை, மகளுக்கு உடம்பு சரியில்லை, பிறகு மனைவிக்கு வேலை போனது என்று ஒன்றொன்றாகச் சொன்னார். புதிதாகச் சேருகிறவர் போல எல்லாப் படிவங்களையும் மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. டேப் தேர்வையும் மறுபடி எழுதினார். பின்னக் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் இல்லாத நாட்களில் தேர்வின் பெயரே மாறிவிட்டது என்று சொன்னதும், ‘கணக்கு மாறலையே, மிஸ்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கணிதமும் அறிவியலும் சமூக அறிவியலும் தேறிவிட்டார். மொழித் தாள் மட்டும் மிச்சம். தேற 145 வேண்டும், போன முறை 139 வந்தது. ஸ்பானிஷிலேயே எழுதலாம், விதி அனுமதிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மகளின் பள்ளியிலிருந்து வரும் கடிதங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன, அதனால் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன் என்கிறார். இப்போது சனிக்கிழமைகளில் மாடி வேலை, மாதக் கடைசிவரை வர முடியாதாம். அடுத்த தேர்வுக்குத் தேதி பார்த்து வைத்திருக்கிறோம். வேலைத்தலத்தில் கூடவே பலகை அறைகிற இளைஞன் ஒருவனைப் போன வாரம் அழைத்து வந்து, எனக்கு அறிமுகப்படுத்தி, படிவத்தை எங்கே வாங்குவது என்று காட்டிவிட்டுப் போனார்.